பச்சைப் பெட்டிகளோடு ராஜஸ்தானுக்கு

போன மாதம் என் மகள் பெங்களூரிலிருந்து புனேவுக்கு வீடு மாற்றினாள். கூடமாட உதவலாமென்று நான் முதல் நாளே வேலூரிலிருந்து பஸ் ஏறிப் போயிருந்தேன். கைப்பையில் ஒரு கோணி ஊசியும் ஒரு கட்டுச் சணலும் எடுத்துப் போனேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். மகளும் சிரித்தாள். காலை ஒன்பது மணிக்கு ஒரே நிறத்தில் பனியன் போட்ட ஐந்து பேர் வந்தார்கள். மத்தியானம் ஒன்றரைக்குள் வீடு மொட்டையாகிவிட்டது. காற்றுக் குமிழ் வைத்த பிளாஸ்டிக் தாள் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு பட் பட்டென்று உடைத்துக்கொண்டிருந்ததுதான் நான் செய்த உதவி. அதையும் தொடர விடவில்லை. "ஆன்ட்டி, கொஞ்சம் எழுந்துக்குங்க, அந்தச் சேரையும் கட்டணும்" என்றார் ஒருவர்.

எழுந்து சுவரோரம் நின்றேன். இன்னொருவர் தடித்த மார்க்கர் பேனாவால் அட்டைப்பெட்டிகள்மேல் எண் போட்டுக்கொண்டே வந்தார். என் பக்கத்தில் வந்து பேனாவின் மூடியைத் திறந்ததும் மூக்கில் காரமாக ஒரு வாசனை ஏறியது. பெயின்ட் வாசனைக்கு அது ஒன்றுவிட்ட தம்பி. அவ்வளவுதான். ஏழாவது மாடியில் நின்றிருந்த நான், மைசூர் மைன்ஸ் லைன் வீட்டு வாசலில், முழங்கைவரை பச்சை பெயின்ட்டோடு, பதினோரு வயதுக்காரியாக உட்கார்ந்துவிட்டேன்.

கோலார் தங்கவயலில் லைன் வீடு என்றால் ஒரே நீளக் கூரையின் கீழ் வரிசையாகக் குடித்தனங்கள். ஒரு வீட்டில் வெங்காயம் வதக்கினால் எட்டு வீட்டில் பசிக்கும். எங்களுக்கு இடது பக்கச் சுவர் ஸ்டெல்லா அத்தையுடையது. நாங்கள் புத்தர் படத்துக்குப் பூ வைக்கிறவர்கள், அவர்கள் மாதா கோயிலுக்குப் போகிறவர்கள். கிறிஸ்துமஸ் கேக்கும் புத்த பூர்ணிமைப் பாயசமும் அந்தச் சுவரைத் தாண்டிப் போய்வந்துகொண்டிருக்கும். அத்தை என்றால் சொந்த அத்தை இல்லை. சொந்தமாக இருந்திருந்தால் இவ்வளவு ஒட்டியிருக்க மாட்டோம் என்று அம்மா சொல்வாள்.

அப்பா சுரங்கத்தில் டிம்பர்மேன். மேல்பாறை சரியாமல் மரம் முட்டுக்கொடுக்கிற வேலை. எழுபதுகளின் தொடக்கத்தில், ராஜஸ்தானில் எங்கேயோ புதிதாகச் செம்புச் சுரங்கம் தோண்டுகிறார்கள், அனுபவப்பட்ட ஆட்கள் வேண்டுமாம் என்று ஒரு பேச்சு கிளம்பியது. சம்பளமும் கூடுதல், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் உண்டு என்றார்கள். லைனுக்கு இரண்டு பேர் மூன்று பேர் என்று புறப்பட்டார்கள். அப்பாவும் இங்கே கணக்கை முடித்துக்கொண்டு, இரும்புப் பெட்டி ஒன்றும் படுக்கைச் சுருள் ஒன்றுமாகப் போனார். ஐந்து மாதம் கழித்து அவரிடமிருந்து அந்தக் கடிதம் வந்தது. குவாட்டர்ஸ் கிடைத்துவிடும்போல இருக்கிறது, அடுத்த மாதம் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வந்துவிடு என்று எழுதியிருந்தார்.

அதற்குக் கீழே ஒரு பட்டியல். கொண்டுவர வேண்டியவை: புளி, கேழ்வரகு மாவு, மிளகாய்த்தூள், கருவாடு. கருவாடு என்ற சொல்லுக்குக் கீழே இரண்டு கோடு. கொண்டுவரக் கூடாதவை: ஆட்டுக்கல். 'இங்கே கல்லுக்குப் பஞ்சமில்லை' என்று காரணமும் எழுதியிருந்தார்.

பூகோளப் புத்தகத்தை நான் அன்றைக்குத்தான் முதல்முறையாக ஆசையோடு பிரித்தேன். எங்கள் தங்கவயலிலிருந்து ராஜஸ்தானுக்குச் சாண் போட்டுப் பார்த்தால் ஒரு சாணுக்கும் கொஞ்சம் கூட வந்தது. அடேயப்பா! மறுநாள் வகுப்பில், இனிமேல் நான் ஒட்டகத்தில்தான் பள்ளிக்கூடம் போவேன் என்று அறிவித்தேன். எந்தப் பக்கம் ஏறுவாய், எப்படி இறங்குவாய், அதற்கு என்ன தீனி என்று கேள்விமேல் கேள்வி. எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். ஒரு வாரத்துக்குள் என்னிடம் இரண்டு ஒட்டகங்கள் இருந்தன. ஒன்று தம்பி ஆனந்தனுக்கு. அவனுக்கு ஆறு வயது. தன்னுடையது கடிக்குமா என்று தினமும் என்னிடம் கேட்பான்.

அம்மாவுக்கும் ஒட்டகம் பிடித்த மாதிரிதான் இருந்தது. அவள் பெயர் ரஞ்சிதம். அதுவரைக்கும் அவள் போயிருந்த தூரம், ஒரு பக்கம் பூதிகோட்டையில் தன் அண்ணன் வீடு, இன்னொரு பக்கம் வேலூரில் அப்பாவின் உறவுக்காரர்கள். அப்படிப்பட்டவள் கடிதத்தை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு, எழுந்து நின்று, வீட்டைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தாள். தங்கவேட்டைக்கு வந்த வெள்ளைக்காரன் மலையைப் பார்த்திருப்பானே, அப்படி. எதை எடுப்பது, எதை விடுவது என்ற கணக்கு அந்த நிமிஷமே தொடங்கிவிட்டது.

பெட்டிதான் முதல் பிரச்சனை. எங்கள் ஊரில் எல்லார் வீட்டிலும் சுரங்கத்து வெடிமருந்து வந்திறங்கிய மரப்பெட்டிகள் இருக்கும். காலியானதும் கைமாறிக் கைமாறி வீடுகளுக்கு வந்துவிடும். அதுதான் ஸ்டூல், அதுதான் புத்தக அலமாரி, அடைகாக்கும் கோழிக்கும் அதுதான் வீடு. கனமான பலகை, நல்ல இணைப்பு, சீக்கிரத்தில் விட்டுக்கொடுக்காது. எங்களிடம் மூன்று இருந்தன. ஸ்டெல்லா அத்தை தன்னுடைய இரண்டைக் காலி செய்து கொண்டுவந்து போட்டாள். ஆக ஐந்து. ஐந்திலும் நான்கு பக்கமும் கொட்டை கொட்டையாகச் சிவப்பு இங்கிலீஷ் எழுத்து.

"இன்னாடி எழுதிக்கீது?" என்று அம்மா கேட்டாள்.

நான் எழுத்துக்கூட்டிப் படித்தேன். "எக்ஸ்ப்ளோசிவ்ஸ். டேஞ்சர்."

"அப்படின்னா?"

"வெடிமருந்து. அபாயம்."

அம்மா மோவாயில் கைவைத்தாள். "இத்த தூக்கிகினு டில்லி வழியா போனா, நம்மள அங்கியே உள்ள வெச்சிடுவாங்களே!"

செங்கல்லைத் தண்ணீரில் நனைத்து நானும் தம்பியும் தேய்த்தோம். எங்கள் கை சிவந்தது, எழுத்து அப்படியே இருந்தது. மூன்றாம் நாள் ஸ்டெல்லா அத்தை ஒரு பெயின்ட் டப்பாவோடு வந்தாள். மாதா கோயில் சன்னல்களுக்கு அடித்தது போக அடியில் மிஞ்சியிருந்த பச்சை. "ஃபாதர் கிட்ட கேட்டுட்டுதான் எடுத்தாந்தேன், திருட்டுப் பெயின்ட்டு இல்ல" என்றாள். பழைய புடவைத் துணியைக் குச்சியில் சுற்றித் தூரிகையாக்கி, ஐந்து பெட்டிக்கும் அடித்தோம். பெட்டிக்கு அடித்த அளவு எங்களுக்கும் அடித்துக்கொண்டோம். ஆனந்தனின் ஒரு காது பச்சை. ஒரு கோழிக்கு வால் பச்சை. மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தும் என் நகங்களில் அந்தப் பச்சை ராஜஸ்தான் வரைக்கும் வந்தது.

கட்டுகிற வேலை பத்து நாள் நடந்தது. அம்மா அதற்கு ஒரு முறை வைத்திருந்தாள். பொருளுக்குப் பொருள்தான் காவல். பித்தளைக் குடத்துக்குள் சொம்பு, சொம்புக்குள் டம்ளர், டம்ளருக்குள் அப்பாவின் பனியன். கண்ணாடிக் கிண்ணங்கள் அவளுடைய கல்யாணப் புடவைக்குள். புத்தர் படம் இரண்டு தலையணைக்கு நடுவில். எதையும் சும்மா அனுப்ப மாட்டாள். ரயிலுக்குக் காலி இடம் கொடுப்பது பாவம் என்பதுபோல ஒவ்வொரு இடுக்கிலும் ஒரு பூண்டு, ஒரு மஞ்சள் கிழங்கு. கருவாட்டை மட்டும் பிஸ்கட் டின்னில் அடைத்து, மூடியைச் சுற்றிக் கோதுமை மாவால் பூசி, துணி சுற்றி, அதன்மேல் ஒரு கோணி தைத்தாள். அதற்குப் பிறகும் அது தன் இருப்பைத் தெரிவித்துக்கொண்டுதான் இருந்தது.

என் பங்குக்கு நானும் ஒரு பொருளைக் கட்டினேன். சுரங்கத்துக் கழிவு மண்மேட்டில் பொறுக்கி ஒரு வருஷமாக ஒளித்துவைத்திருந்த கல். வெயிலில் காட்டினால் மஞ்சளாக மின்னும். தங்கம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதைக் கேழ்வரகு மாவுக்குள் புதைத்தேன். வழியில் குடும்பத்துக்குக் கஷ்டம் வந்தால் எடுத்துக் கொடுக்கலாம் என்று திட்டம். அங்கே போய்ச் சேர்ந்த பிறகு பார்த்தால், சுரங்கத்துப் பாதை முழுக்க அதேபோல மின்னுகிற கற்கள், லாரிச் சக்கரத்தில் மிதிபட்டுக் கிடந்தன. செம்புக் கல் அப்படித்தான் மின்னுமாம். அதற்குள் அம்மா களி கிண்டும்போது என்னுடையதைப் பல்லால் கண்டுபிடித்துவிட்டாள். அது வேறு கதை.

புறப்பட ஒரு நாள் இருந்தது. எல்லாம் கட்டியாகிவிட்டது. ஒரு அரிசிப் பானையும் மூன்று தட்டும் மட்டும் வெளியே. கோழிகள் சுவரைத் தாண்டி ஸ்டெல்லா அத்தை வீட்டுக்குக் குடிபோய்விட்டன. சுரங்கக் கம்பெனி வீட்டைப் புதிதாக வரப்போகிறவருக்கு ஒதுக்கிவிட்டது, மறுநாள் சாவி கொடுக்க வேண்டும். நான் காலிச் சுவரில் ஒட்டகம் வரைந்துகொண்டிருந்தேன். அப்போதுதான் தந்திக்காரர் சைக்கிள் மணியடித்தார்.

தந்தி என்றால் எங்கள் லைனில் சாவுதான். மணிச் சத்தத்துக்கு ஆறு வீட்டுக் கதவு திறந்தது. அம்மா கையெழுத்துப் போட்டு வாங்கி, என்னிடம் நீட்டினாள். வீட்டில் இங்கிலீஷ் படித்தது நான்தானே.

அதில் இருந்தது இவ்வளவுதான்: புறப்பட வேண்டாம். குவாட்டர்ஸ் கிடைக்கவில்லை. கடிதம் வருகிறது.

உங்களிடம் மறைப்பானேன். முதல் வரியைப் படித்ததும் என் இரண்டு ஒட்டகங்களும் செத்து விழுந்தன. இனி எப்படி வகுப்புக்குள் நுழைவேன்? வாயைத் திறந்தேன். "அப்பா நல்லாத்தான் இருக்காராம். குவாட்டர்ஸ் இன்னும் கெடைக்கலையாம். கடிதாசு போடறாராம்" என்றேன். முதல் வரியை அப்படியே விழுங்கிவிட்டேன்.

அம்மாவுக்கு மூச்சு வந்தது. ஆனால் அவள் அப்பாவைப் பதினான்கு வருஷமாகத் தெரிந்தவள். "இத்த சொல்றதுக்கா தந்தி குடுப்பாரு?" என்றபடி தாளை வாங்கிச் சுவருக்கு அந்தப் பக்கம் போனாள். ஸ்டெல்லா அத்தை கான்வென்ட்டில் எட்டாவது படித்தவள். அத்தையின் குரல் முழுதாகப் படிப்பது எனக்குக் கேட்டது. சுவரில் பாதி வரைந்த ஒட்டகத்துக்கு முன்னால் நின்றுகொண்டு அடிக்காகக் காத்திருந்தேன்.

அம்மா திரும்பி வந்தாள். அடிக்கவில்லை. "பாதி படிச்சா பாதி வயித்துக்குத்தான் சோறு" என்று மட்டும் சொன்னாள். பிறகு ஒரு பச்சைப் பெட்டிமேல் உட்கார்ந்தாள். அன்றைக்கு மத்தியானச் சோற்றில் எனக்குப் பாதிதான் வைத்தாள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவள் சொன்னால் சொன்னதுதான்.

ஸ்டெல்லா அத்தை வாசற்படியில் நின்றாள். "போவட்டும் வுடு ரஞ்சிதம். பூதிகோட்டைல அண்ணன் வூட்ல ரெண்டு மாசம் இரு. குவாட்டர்ஸ் வந்ததும் போய்க்கலாம்."

அம்மா பெட்டியின் கயிற்று முடிச்சை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு மெல்லச் சொன்னாள்: "அக்கா, எனக்கு என்னைத் தெரியும். பத்து நாளா ஒவ்வொண்ணா கட்டறப்ப, கூடவே தைரியத்தையும் கட்டிகினு வந்தேன். ஒருவாட்டி அவுத்துட்டேன்னா மறுபடி கட்ற தைரியம் எனக்கு வராது."

"அந்தாளு வரவேணான்றாரேடி!"

"அவரு வூடு இல்லன்னுதான் சொல்றாரு. அவரு இல்லன்னு சொல்லலையே."

எனக்குக் கைதட்ட வேண்டும்போல இருந்தது. பாதி குற்றவாளி என்பதால் அடக்கிக்கொண்டேன்.

அன்று சாயங்காலமே என்னை இழுத்துக்கொண்டு ராபர்ட்சன்பேட்டை தபாலாபீசுக்கு நடந்தாள். தந்தி குமாஸ்தாவிடம் அவள் சொல்ல நினைத்தது ஒரு முழுக் கடிதம். வீடு இல்லாவிட்டால் பரவாயில்லை, சாவி கொடுத்தாயிற்று, பிள்ளைகள் ஆசையாக இருக்கின்றன, கருவாடு கட்டியாயிற்று. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஒரே வார்த்தைல சொல்லுங்கம்மா" என்றார். அம்மா யோசித்து, "கெளம்பிட்டோம்" என்றாள்.

"ஸ்டார்டட்" என்று நான் படிவத்தில் எழுதினேன். என் வாழ்க்கையில் நான் எழுதிய மிக நல்ல இங்கிலீஷ் அதுதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

"எப்பம்மா ரயிலு?" என்று குமாஸ்தா கேட்டார்.

"நாளைக்கு."

"அப்ப இன்னும் கெளம்பலையே?"

"தந்தி போயி சேர்றதுக்குள்ள கெளம்பிடுவோம் சார், நீங்க அடிங்க" என்றாள்.

மறுநாள் காலையில் பூதிகோட்டை மாமா, ரயிலடிக்குச் சாமான் ஏற்ற மாட்டு வண்டியோடு வந்தார். விஷயம் தெரிந்ததும் வண்டியைவிட்டு இறங்காமலே கத்தினார். "இன்னா துணிச்சல் உனக்கு? பொம்பள, பாஷை தெரியாது, ரெண்டு புள்ளைங்கள இட்டுகினு... வூடும் இல்லாத ஊருக்கா? வண்டிய இப்படியே பூதிகோட்டைக்குத் திருப்பறேன், ஏறு!"

அதே நேரம் புதுக் குடித்தனக்காரர்களும் சட்டி பானையோடு வந்து வாசலில் நின்றார்கள். அந்த அம்மாளின் இடுப்பில் ஒரு கைக்குழந்தை. வெயிலில் நிற்கிறதே என்று அம்மா முதலில் அவர்களை உள்ளே உட்காரவைத்தாள். தண்ணீர்ப் பானையை நிரப்பி வைத்திருப்பதாகச் சொன்னாள். பிறகு மாமாவிடம் வந்தாள்.

"அண்ணா, உன் வூட்ல எனக்கு ஒரு வேளை சோறு கொறையாது. தெரியும். ஆனா அங்க நான் உக்காந்தா உக்காந்ததுதான். நீ வந்து முடிச்செல்லாம் நல்லா இறுக்கிக் குடு."

மாமா முறைத்தார். வேகமாக இறங்கினார். ஐந்து பெட்டியையும் வைக்கோல் பாரம் கட்டுகிற மாதிரி காலால் உதைத்து உதைத்து இறுக்கினார். திட்டிக்கொண்டேதான் கட்டினார். ஆனால் அந்த முடிச்சுகளில் ஒன்றுகூட டில்லி வரைக்கும் நெகிழவில்லை.

மாரிக்குப்பம் ரயிலடியில் எங்கள் லைன் பாதி வந்து நின்றது. புறப்படுகிற இடம் அதுதான் என்பதால் ரயில் சாவகாசமாக நின்றுகொண்டிருந்தது. ஸ்டெல்லா அத்தை உள்ளே ஏறி, மூட்டைகளைப் பலகைக்கு அடியில் தள்ளி, ஆனந்தனைச் சன்னலோரம் உட்காரவைத்து, என் பின்னலை அவிழ்த்துப் புதிதாகப் போட்டுக்கொண்டிருக்கும்போதே வண்டி நகர்ந்துவிட்டது. "ஐயோ, அத்தை!" என்றேன். "அடுத்த ஸ்டேஷன்ல எறங்கிக்கறேன்" என்றாள். சாம்பியன் வந்தது. பின்னல் முடியவில்லை. ஊரிகம் வந்தது. "வெயிலு தாழட்டும்" என்றாள். கோரமண்டல் வந்தபோது யாரும் கேட்கவே இல்லை. அம்மாவும் அவளும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பங்காரப்பேட்டை வரைக்கும் அப்படியே வந்துவிட்டாள். டிக்கெட் இல்லாமல்!

அவள் வந்ததும் நல்லதாகப் போயிற்று. பங்காரப்பேட்டையில் பெட்டிகளைப் பார்சலில் போட வேண்டும். பார்சல் குமாஸ்தா கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு ஒரு பெட்டியை உற்றுப் பார்த்தார். கோயில் பச்சை ஒரு பூச்சுதான் அடித்திருந்தோம். வெயிலில் அதற்குள்ளிருந்து சிவப்பு எழுத்து ஒளிந்துகொண்ட பிள்ளைபோல எட்டிப் பார்த்தது.

"என்ன இது? டேஞ்சர்னு போட்டிருக்கு?"

ஸ்டெல்லா அத்தை தன் கான்வென்ட் இங்கிலீஷை அவிழ்த்துவிட்டாள். "ஒன்லி பாத்திரம் சார். ஃபேமிலி சாமான் சார்." அவர் அசையவில்லை. திறந்து காட்டச் சொன்னார். அம்மாவின் முகம் மாறிவிட்டது. மாமா போட்ட முடிச்சு, அவிழ்க்கக் கூடாது என்று அவள் வைராக்கியமாக வைத்திருந்த முடிச்சு. "அவுக்கத் தேவையில்ல சார், இந்த மூலைப் பலகை மட்டும் கழலும்" என்று ஆணியை நெம்பித் தூக்கினாள். அது கருவாட்டுப் பெட்டி. காலையிலிருந்து வெயில் குடித்த டின், கோதுமைப் பூச்சு வெடித்துக் காத்திருந்தது. வாசனை ஒரு ஆள்போல எழுந்து வெளியே வந்தது.

"மூடும்மா! மூடு, மூடு!" என்று குமாஸ்தா மூக்கைப் பொத்திக்கொண்டு சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். அபாயம் என்று எழுதியிருந்ததில் ஒரு பொய்யும் இல்லை என்று அவர் முணுமுணுத்தது எனக்குக் கேட்டது.

மெட்ராஸ் வண்டி வந்தது. பிளாட்பாரத்தில் ஸ்டெல்லா அத்தை அம்மாவின் நெற்றியில் சிலுவை போட்டாள். அம்மா குனிந்து காட்டினாள். இரண்டு பேரும் அழுதார்கள். ஆனால் அம்மா அழுதுகொண்டே மூட்டைகளை எண்ணிக்கொண்டிருந்ததையும் நான் பார்த்தேன்.

மூன்று நாள் பயணம். கையில் எட்டு மூட்டை. நாங்கள் இரண்டு பேரையும் சேர்த்துப் பத்து உருப்படி என்று அவள் கணக்கு. ஒவ்வொரு பெரிய ஸ்டேஷனிலும் எண்ணுவாள். "ஏழு, எட்டு, நீ ஒம்போது, அவன் பத்து." டில்லி ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்த ஒரு வடக்கத்திக் குடும்பத்துக்கு அதற்குள் அந்த எண்ணிக்கை மனப்பாடமாகி, ஆனந்தன் கழிப்பறைக்குப் போயிருந்தபோது அந்த அம்மாள் பதறி, "தஸ்? தஸ்?" என்று கேட்டாள். பத்து எங்கே என்று கேட்கிறாள்! அம்மா கற்ற முதல் இந்தி அதுதான். நதிகள் வந்தன. மண் கறுப்பாக மாறி, பிறகு மஞ்சளாக மாறியது. நான் தூங்கினால் ஏதாவது தவறிப்போய்விடுமோ என்று சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டே தூங்கினேன்.

டில்லியில் இறங்கி, சின்ன ரயில் மாறி, ஒரு காலை வேளையில் மணலும் வேலமரமுமாக இருந்த ஒரு குட்டி ஸ்டேஷனில் இறங்கினோம். அப்பா நின்றிருந்தார். இளைத்திருந்தார். தலையில் கம்பளித் துணி சுற்றியிருந்ததால் எனக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை.

"தந்தி வரலையா உனக்கு?" என்று கேட்டார்.

"வந்துச்சே" என்றாள் அம்மா.

"அப்புறம்?"

"பதில் போட்டேனே."

அப்பா ஆனந்தனைத் தூக்கிக்கொண்டார். அவனுடைய காதில் இன்னும் மிச்சமிருந்த பச்சையைத் தேய்த்துப் பார்த்தார்.

பார்சலில் வந்துசேர்ந்த பெட்டிகளோடு சுரங்கத்து லாரியில் ஏறிப் போனோம். தகரக் கூரை போட்ட ஒரு ஷெட். நம் ஊர் ஆட்கள் நான்கு பேரும் அப்பாவும் அதில்தான் இருந்தார்கள். ஒற்றைச் சொல் தந்தி கிடைத்ததும் அந்த நான்கு பேரும் பக்கத்து ஷெட்டுக்கு நகர்ந்து, எங்களுக்காக இடத்தைப் பெருக்கி, வாசலில் தண்ணீர் தெளித்து வைத்திருந்தார்கள். உள்ளே நுழைந்ததும் நான் பார்த்தது கயிற்றுக் கட்டிலைத்தான். அதன்மேல் அப்பாவின் இரும்புப் பெட்டி பூட்டி வைத்திருந்தது. படுக்கை சுருட்டி, மூன்று இடத்தில் இறுகக் கட்டியிருந்தது. சட்டை மாட்டுகிற ஆணியில் ஒன்றும் இல்லை.

அம்மாவும் பார்த்தாள். பத்து நாள் வீட்டையே மூட்டை கட்டியவளுக்கு, கட்டிவைத்த படுக்கையைப் பார்த்தால் தெரியாதா?

"எங்க கெளம்பினீங்க?" என்று கேட்டாள்.

அப்பா தரையைப் பார்த்தார். "ஊருக்குத்தான். முடியல ரஞ்சிதம். குளிரு, பாஷை, கோதுமை ரொட்டி... நீங்க பூதிகோட்டைக்குப் போயிருப்பீங்க, நானும் அங்க வந்துடலாம்னு இருந்தேன். இவனுங்ககிட்டகூட சொல்லல. உன் தந்தி வந்துச்சு. அப்படியே உக்காந்துட்டேன், கட்டை அவுக்கக்கூடத் தோணல."

தங்கவயலில் கணக்கை முடித்தாகிவிட்டது. இங்கேயும் விட்டிருந்தால் எங்களுக்கு எந்த ஊரிலும் வேலை இருந்திருக்காது. அந்த வயதில் எனக்கு அது விளங்கவில்லை. அம்மாவுக்கு அந்த நொடியே விளங்கியிருக்கும். ஆனால் கோபிக்கவில்லை. கட்டிலுக்கு முன்னால் மண்டி போட்டு உட்கார்ந்து அப்பாவின் படுக்கைக் கட்டை அவிழ்க்கத் தொடங்கினாள். டிம்பர்மேன் போட்ட முடிச்சு, விரலுக்கு மசியவில்லை. குனிந்து பல்லால் கடித்து இழுத்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. கம்பளியை உதறி விரித்து அதன்மேல் ஆனந்தனைப் படுக்கவைத்தாள்.

"அடுப்பு எங்க கீது?" என்றாள். "மொதல்ல சாப்புடுங்க. கருவாடு வந்துகீது."

அன்றைக்கு அந்த ஷெட்டில் களியும் கருவாட்டுக் குழம்பும். பக்கத்து ஷெட் ஆட்கள் நான்கு பேரும் கூப்பிடாமலே வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். ஒருவர் முதல் வாய் வைத்ததும் எழுந்து வெளியே போய் மூக்கைச் சிந்திவிட்டு வந்தார். காரம் அதிகம் என்றார். காரம் அதிகமில்லை.

மூன்று மாதம் கழித்துக் குவாட்டர்ஸ் கிடைத்தது. ஐந்து பச்சைப் பெட்டிகளையும் ஒரு ஒட்டக வண்டியில் ஏற்றிப் போனோம். நான் மேலே உட்கார்ந்துகொண்டேன். அன்றைக்கே பழைய வகுப்புக்கு நான்கு பக்கத்தில் கடிதம் எழுதினேன், ஒரே ஒரு ஒட்டகம்தான் என்ற உண்மையைத் தவிர எல்லாவற்றையும் விவரமாக. அப்பா பதினைந்து வருஷம் அங்கே வேலை பார்த்தார். நானும் தம்பியும் அங்கேயே படித்து வேலைக்குப் போனோம். அம்மா தமிழுக்கு முன்னும் பின்னும் இரண்டு இந்திச் சொல் ஒட்டி ஒரு பாஷை செய்து, அதிலேயே காலனி முழுவதையும் ஆண்டாள்.

அந்தக் காலனியில் ஒரு நாள் பக்கத்து வீட்டு ராஜஸ்தானிப் பெண் கேட்டாள். நீங்கள் எல்லோரும் சாப்பிடும்போது இடது கையால் டம்ளரைப் பிடித்துக்கொள்கிறீர்களே, உங்கள் மத வழக்கமா? நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். உண்மைதான். எங்கள் ஊரில் சுரங்கத்தின் ஆழத்தில் அடிக்கடி பாறை வெடிக்கும். தரை ஒரு குலுக்குக் குலுக்கும், பாத்திரமெல்லாம் கலகலவென்று பேசும். யாரும் எழுந்து ஓட மாட்டார்கள். பேச்சைக்கூட நிறுத்த மாட்டார்கள். கை மட்டும் தானாகப் போய் டம்ளரைப் பிடித்துக்கொள்ளும். அவ்வளவு தூரம் வந்தும் நாங்கள் அதைப் பிடித்துக்கொண்டே சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

தங்கச் சுரங்கங்களை மூடி எவ்வளவோ காலமாகிறது. உள்ளே தண்ணீர் நிரம்பிக் கிடக்கிறது என்கிறார்கள். ஷிஃப்ட் நேரம் சொல்லும் சங்கு இப்போது ஊதுவதில்லை. எங்கள் லைனில் கூரை இருக்கிற வீடுகளை எண்ணிவிடலாம். ஸ்டெல்லா அத்தை போய்விட்டாள், பிள்ளைகள் எங்கெங்கோ. அப்பாவும் அம்மாவும் இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன் மகளை அழைத்துக்கொண்டு போய் ராபர்ட்சன்பேட்டையில் ஒரு ஓட்டலில் காபி சொன்னேன். காலை ரயிலுக்குக் காத்திருந்த பிள்ளைகள், பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்கள், பக்கத்து மேஜையில் சத்தமாகச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு முன்னால் விளிம்புவரை நிரம்பிய நான்கு டம்ளர்கள். ஒருவர் கையும் டம்ளர் பக்கம் போகவில்லை.